கரி கழுவும் தண்ணீரில் ஒரு தேத்தண்ணி

கரியைக் கழுவிச் சம்பளம் வாங்கிய பெண் கற்பிட்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதைச் சொல்ல முன்பெல்லாம் வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை. வெட்கப்படுவதற்கு என்னிடம் இருந்த கையிருப்பு முழுவதும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாப்பாவின் படகுப் பட்டறையில் ஒரேயடியாகச் செலவாகிவிட்டது.

முதலில் கரி விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். காபன் நனோக்குழாய் என்று ஒரு பொருள். தலைமயிர் ஒன்றைப் பல்லாயிரமாகக் கிழித்தால் எவ்வளவு மெல்லிசாக வருமோ, அவ்வளவு மெல்லிய குழாய். உருக்கையே தலைகுனிய வைக்கும் உரம். மின்சாரமும் கடத்தும். ஆனால் செய்த இடத்திலிருந்து வரும்போது பார்ப்பதற்குச் சும்மா அடுப்புக்கரி மாதிரித்தான் இருக்கும். உள்ளே இரும்புத் துணுக்கும் புகைக்கரியும் கலந்திருக்கும். அதை நைத்திரிக் அமிலத்தில் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து, வடித்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவ வேண்டும். நீலப் பாசிச்சாயத் தாள், அதுதான் லிட்மஸ், சிவப்பதை நிறுத்தும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் என் இளமையின் பெரும்பகுதி இப்படித்தான் வடிதாள் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கிப் போனது.

விடுமுறைக்கு வந்தபோது உம்மா கேட்டார்: "அங்க என்னதான் செய்ற மகள்?"

"கரி கழுவுறன் உம்மா."

"கழுவ முந்தி என்ன நிறம்?"

"கறுப்பு."

"கழுவின பொறகு?"

"கறுப்புத்தான்."

உம்மா நிறத்தை விட்டுவிட்டார். பிறகு, "சம்பளத்த ஒழுங்கா தாறாங்களா?" என்று மட்டும் கேட்டார். (கரிக்கட்டையைப் பாலில் கழுவினாலும் வெளுக்காது என்பது ஊர்ப் பழமொழி. அதற்கும் ஒருத்தியை வேலைக்கு வைத்துப் படியளக்கிறார்கள் என்பது உம்மாவுக்குப் புதுச் செய்தி.)

அந்த அமிலக் கொதிப்பில் இன்னொரு காரியமும் நடக்கும். குழாய்களின் மேல் தண்ணீருக்குப் பிடித்தமான சின்னச் சின்னப் பிடிகள் முளைத்துவிடும். தண்ணீரில் இறங்கியதும் அந்தப் பிடிகள் எல்லாம் ஒரே வகை மின்னேற்றம் பெறும். அதனால் ஒரு குழாய் மற்றக் குழாயைக் கிட்ட வர விடாது. ஒரே வீட்டுக்கு வாழ வந்த இரண்டு மருமகள்மார் போல ஆளுக்கொரு மூலையில் நிற்கும். அப்படி விலகி நின்றால்தான் தண்ணீர் முழுவதும் மை போல ஒரே சீராகக் கறுத்திருக்கும்.

இந்த மையை வைத்து நான் ஒரு பெரிய மனக்கோட்டை கட்டியிருந்தேன். வாப்பா பைபர் படகு செய்பவர், பழுதும் பார்ப்பவர். வெள்ளைக் கண்ணாடி நூல் துணியை விரித்து ரெசின் பூசி, மேலே இன்னொரு துணி விரித்து, இன்னொரு பூச்சுப் பூசிப் படகின் உடலான ஓட்டைக் கட்டுவார்கள். அந்தத் துணியை என் கறுப்புத் தண்ணீரில் தோய்த்துக் காய வைத்துக் கட்டினால், துணி மின்சாரம் கடத்தும். ஒரு பற்றரியையும் சின்ன விளக்கையும் இணைத்துவிட்டால், ஓட்டில் எங்கேயாவது வெடிப்பு வந்த உடனே விளக்கு அணைந்துவிடும். தண்ணீர் உள்ளே வர முந்தியே படகு தன் வருத்தத்தைத் தானே சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என்னுடைய பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் சேர் என்போம். அவர் சிலாபத்தில் பெரிய அளவில் படகு கட்டும் பெர்னாந்து முதலாளியைப் பிடித்திருந்தார். விளக்கு எரிவதை முதலாளி கண்ணால் கண்டால், சோதித்துப் பார்க்க ஒரு படகு ஓடு தருவார். அதை வாப்பாவின் பட்டறையிலேயே கட்டலாம். காணாவிட்டால் என் ஆராய்ச்சி அந்த வருடத்தோடு சரி. சின்னப் பட்டம் ஒன்றோடு ஊருக்கு வந்து, ஓஎல் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு டியூசன் கொடுக்க வேண்டியதுதான். சேர் இதை மிகவும் மென்மையாகச் சொன்னார். அவர் மென்மையாகப் பேசினால் விசயம் கடுமையானது என்று அர்த்தம்.

வாப்பா தன் பங்குக்குப் பள்ளிவாசல் முற்றத்திலிருந்து ஐஸ் கடை வரைக்கும் செய்தியைப் பரப்பியிருந்தார். "எங்கட மகள் பேசுற போட் செய்யப் போறா." படகு என்ன மொழியில் பேசும் என்று ஒருவர் கேட்டாராம். வாப்பா யோசிக்காமல், "தமிழும் சிங்களமும்" என்றிருக்கிறார்.

முதலாளி குடும்பத்தோடு தலவிலைத் தேவாலயத்துக்கு மெழுகுதிரி கொளுத்த வருகிறார், திரும்பும்போது நம்மிடம் வருவார் என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு.

நான் முதல் நாளே வந்துவிட்டேன். கொண்டு வந்தது இரண்டு சாமான்: கெட்டியான நனோ மை ஒரு போத்தல், அதைக் கலக்குவதற்குக் காய்ச்சி வடித்த நீர் ஒரு பெரிய கேன். பட்டறையில் வெயிலும் கண்ணாடித் தூசியும் என்பதால் கேனை வீட்டு அடுப்படியான குசினியில் வைத்தேன். வைத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். போகவில்லை. உம்மாவுக்குப் பாடம் எடுத்தேன்.

"உம்மா, இது என்ன தண்ணி தெரியுமா? உப்பில்ல, சுண்ணாம்பில்ல, ஒண்டுமில்ல. துனியாவுலயே இதவிடச் சுத்தமான தண்ணி கிடையாது."

"அப்பிடியா!" என்று உம்மா கேனை மரியாதையாகப் பார்த்தார்.

கற்பிட்டிக் கிணறுகளின் குணம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பார்வை விளங்கும். எங்கள் வீட்டுத் தண்ணீரில் உப்பும் இருக்கிறது, சுண்ணாம்பும் இருக்கிறது. தேத்தண்ணி போட்டால் மேலே ஒரு படை மிதக்கும். குடிப்பதற்குக் கடையில் பில்டர் தண்ணீர் வாங்குவோம். வெளியூர் விருந்தாளிகளுக்குக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி கொடுப்பதை உம்மா மானப் பிரச்சினையாகவே கருதுவார்.

வெள்ளிக்கிழமை நான் செய்த அலங்காரத்தைச் சொல்லாமல் விட முடியாது. தலையில் முக்காடு, அதன் மேல் ஆய்வுகூடப் பாதுகாப்புக் கண்ணாடி, உடம்பில் முழங்கால் தாண்டிய வெள்ளைக் கோட்டு. கடற்காற்று கோட்டுக்குள் புகுந்து என்னைப் பாய்மரக் கப்பல் ஆக்கியது. வாசலில் மேய்ந்த கழுதைகளில் ஒன்று மேய்ச்சலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. (எங்கள் ஊர்க் கழுதைகள் எதையும் ஏறெடுத்துப் பார்ப்பவை அல்ல. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.)

சேரும் முதலாளியும் வந்து கதிரைகளில் அமர்ந்தார்கள். முதலாளி பருத்த மனிதர். தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்தில் கைகோர்த்து வரும். நான் குசினிக்குப் போய்க் கேனைத் தூக்கினேன். முதல் நாளைவிடப் பாரமாக இருந்தது. பயத்தில் காலையில் சாப்பிடவில்லை, அந்தப் பலவீனம்தான் என்று நினைத்துக்கொண்டேன். கோட்டுப் பையில் தண்ணீரைச் சோதிக்கும் தாள் ஒரு கட்டு இருந்தது. இரசாயனவியல் படித்த பெண் அதில் ஒன்றை எடுத்து நனைத்துப் பார்த்தாளா? அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பெரிய பிளாஸ்டிக் பேசினில் தண்ணீரை ஊற்றினேன். போத்தலைத் திறந்து மையை விட்டேன். அழகாகக் கறுத்துப் பரவியது. நான் நிமிர்ந்து நின்று, மனப்பாடம் செய்திருந்த பேச்சை ஆரம்பித்தேன்.

"இது சாதாரண கரியில்ல. சாதாரண கரி தண்ணீல போட்டா அடியில படியும். இது கியாமத் நாள் வரைக்கும், உலகம் அழியிற வரைக்கும் படியாது."

பிறகு தூய்மையாக்கல் பற்றிச் சொன்னேன். அமிலம் பற்றிச் சொன்னேன். இரண்டு மருமகள்மார் உவமையையும் சொன்னேன். முதலாளி சிரித்தார். நான் உற்சாகமாகி உவமையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அப்போது வாப்பா மெதுவாக என் பக்கம் வந்து, காதோடு காதாகச் சொன்னார்:

"கியாமத் வந்துட்டு புள்ள."

பேசினைப் பார்த்தேன். மேலே தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. அடியில், மீன் வெட்டிய சட்டியில் செதில் கிடப்பது போலக் கறுப்புத் துணுக்குகள் திட்டுத் திட்டாகக் கிடந்தன. மருமகள்மார் சமாதானமாகி, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, மொத்தமாக மூழ்கிவிட்டார்கள்.

புத்தியுள்ளவள் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பாள். நான் கையால் கலக்கினேன். கலக்கக் கலக்கத் துணுக்குகள் சுற்றிச் சுற்றி வந்து மறுபடியும் படுத்துக்கொண்டன. "துணியில நல்லாப் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வெள்ளைத் துணியைத் தோய்த்து எடுத்தேன். வெள்ளை ஆட்டுக்குட்டிக்குச் சொறி வந்தது மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். தலைமுடி காய வைக்கும் மெசினால் காய வைத்தேன். இரண்டு முனையிலும் கம்பியைக் கொளுவிப் பற்றரியை இணைத்தேன். விளக்கு எரியவில்லை.

"பற்றரி சரியில்ல போல" என்றேன்.

வாப்பா என் மானத்தைக் காப்பாற்ற ஓடிப்போய்த் தன் மோட்டார் சைக்கிளின் பற்றரியைக் கழற்றி வந்தார். அதற்கும் எரியவில்லை. அப்படியானால் விளக்கில்தான் பிழை என்று நிரூபிப்பதற்காக, கம்பியைத் துணியிலிருந்து கழற்றி, விளக்கை நேரே அந்தப் பெரிய பற்றரியில் வைத்தேன். 'டப்' என்று ஒரு வெளிச்சம். பிறகு ஒரு சின்னப் புகை.

"ஆ, பத்திச்சுதானே!" என்றார் முதலாளி. கேலி இல்லை. உண்மையாகவே எனக்காகச் சந்தோசப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சேர் கைகளைக் கட்டிக்கொண்டு பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆய்வுகூடத்திலை பத்துத் தரம் செய்து காட்டின பிள்ளை" என்று முதலாளியிடம் சொன்னார். பிறகு என்னிடம், "என்ன பிள்ளை, எங்கை பிழைச்சது?" என்றார், மிக மென்மையாக. எனக்கு அழுகை வந்தது. பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் நின்றேன். கண்ணாடிக்குள்ளே அழுதால் வெளியே தெரியாது என்பது அதன் உற்பத்தியாளர்கள் எழுத மறந்த ஒரு நன்மை.

அந்த நேரத்தில்தான் உம்மா தட்டோடு வந்தார். ரோல்ஸ், தொதல், கோப்பைகளில் பால் விடாத பிளேன்டி. படகு ஏன் பேசவில்லை என்று அவருக்குத் தெரியாது. விருந்தாளிகள் எழும்பிப் போவதற்குள் தேத்தண்ணி கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

முதலாளி ஒரு மிடறு குடித்தார். கோப்பையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். "ஷோக்! மே... தங்கம் மாதிரி இரிக்கி. நம்மட வீட்டுலயும் இப்பிடி வராது."

சேரும் குடித்தார். குடித்தவர் நிறுத்தினார். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பேசினைப் பார்த்தார். மறுபடியும் கோப்பையைப் பார்த்தார்.

"அம்மா, நான் கற்பிட்டிக்கு முந்தியும் வந்திருக்கிறன். இங்கத்தைத் தேத்தண்ணியிலை மேலை ஒரு படை நிக்கும். இதிலை இல்லை. எந்தத் தண்ணியிலை போட்டனீங்கள்?"

உம்மாவின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த முகம் அது.

"இண்டைக்கி ஜும்ஆவுக்குப் பில்டர் தண்ணிக் கடையும் பூட்டிட்டாங்க சேர். உங்களுக்குக் கிணத்துத் தண்ணில ஊத்துறதா? அதான் மகள் கொண்டு வந்த நல்ல தண்ணியில ஊத்துனன். துனியாவுலயே சுத்தமான தண்ணின்டு அவதானே சொன்னா."

 வெளியே கழுதை ஒரு தரம் கத்தியது.

"உம்மா," என்றேன், "கேன்ல நிறையத் தண்ணி இருந்திச்சே?"

"நிரப்பாம வெக்கிறதா? வெறும் ஏனத்தத் திருப்பிக் குடுப்பாங்களா யாரும்? நம்மட கிணத்துல அள்ளி, துணியில வடிச்சி, பிஸ்மி சொல்லி நிரப்பினன்."

அந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஏனத்தில் வட்டிலப்பம் வந்தால், அந்த ஏனம் வெறுமையாகத் திரும்பிப் போகாது. வீட்டில் வேறொன்றும் இல்லையென்றால் நாலு பச்சை மிளகாயாவது போட்டு அனுப்புவோம். பல்கலைக்கழகத்துக் கேனுக்கும் உம்மா அதே மரியாதையைச் செய்திருக்கிறார். என் மருமகள்மாரை ஒன்றுசேர்த்தது எங்கள் வீட்டுக் கிணற்றின் உப்பும் சுண்ணாம்பும்தான். அந்த மின்னேற்றச் சண்டையையெல்லாம் உப்பு அடக்கிவிடும் என்று நானே பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்.

நான் உம்மாவிடம் கத்தப் போனேன். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் முதலில் சிரித்தவர் சேர். கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவரை நான் அதற்கு முன்பும் பின்பும் அப்படிப் பார்த்ததில்லை. முதலாளிக்கு யாரோ விளக்கம் சொல்ல, அவர் கதிரை கிறீச்சிடச் சிரித்தார். வாப்பாவும் சிரித்தார். உம்மா மட்டும், "ஏன், சீனி கூடிட்டா?" என்று கேட்டார்.

ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் படகு கிடைக்கவில்லை. சேர் வாகனத்தில் ஏற முந்தி என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, படகு ஓடப்போறது கடலிலை. பட்டறைக்காரர் கலக்கப்போறது கிணத்துத் தண்ணியிலை. உங்கடை சாமான் இந்தத் தண்ணிக்குப் பயப்பிடுமெண்டால், குற்றம் தண்ணியிலை இல்லை. உங்கடை அம்மாவிலையும் இல்லை."

முதலாளி யன்னல் வழியே தலையை நீட்டினார். "மகள், கரி தண்ணில படியாம நிண்டா சொல்லுங்க. போட் நான் தாறன். ஹரியா? அந்தத் தேத்தண்ணியும் வேணும்."

அன்று முழுக்க நான் உம்மாவோடு பேசவில்லை. அடுத்த நாள் திரும்பிப் போகும்போது உம்மா கேனைக் கொண்டு வந்து என் கையில் தந்தார், நிரப்பி. கோபத்தில் அதை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகத்தான் நினைத்தேன். சேர் சொன்னது காதில் நின்றது. கொண்டு போனேன்.

அதன் பிறகு என் வேலை முழுவதும் அந்தக் கேனுக்குள்ளேதான் நடந்தது. உப்பு சமாதானம் பேசினாலும் குழாய்கள் கிட்ட வர முடியாதபடி ஒவ்வொன்றின் பிடியிலும் நீளமான வால் போன்ற மூலக்கூறுகளைக் கட்டிப் பார்த்தேன். கட்டியது கழன்றது. வேறு வாலைக் கட்டினேன். அதுவும் கழன்றது. ஒவ்வொரு தரமும் உம்மாவின் கிணற்றுத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு தரமும் அடியில் செதில் கிடக்கும். ஊரில் போய் டியூசன் கொடுக்கலாம் என்று நானே முடிவெடுத்த நாட்களும் உண்டு. ஒருநாள் காலை வந்து பார்த்தபோது கறுப்பு கறுப்பாகவே நின்றது. அடுத்த நாளும் நின்றது. தனியே ஆய்வுகூடத்தில் நின்று நான் அழுதேன். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான்.

முதலாளி மறுபடியும் வந்தார், அதே பட்டறைக்கு. கிணற்றுத் தண்ணீரிலேயே செய்து காட்டுகிறேன் என்று சேரிடம் வீராப்பாகச் சொல்லியிருந்தேன். ஆனால் சூடு கண்ட பூனையல்லவா? ஒரு பாதுகாப்புக்காக அதே கேனில் காய்ச்சி வடித்த நீரும் கொண்டு வந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் குசினியில் வைத்திருந்தேன். பேசினுக்கு முன்னால் நின்றதும் என் கை கிணற்று வாளிக்குப் போகவில்லை. நேரே குசினிக்குப் போய்க் கேனைத் தூக்கி வந்துவிட்டேன்.

மையை விட்டேன். கறுத்தது. இந்தத் தரம் பேச்செல்லாம் இல்லை. வாயை மூடிக்கொண்டு பேசினையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாப்பாவும் பார்த்தார். கியாமத் வரவில்லை. துணி ஒரே சீராக, ஈரத் தார் ரோட்டு மாதிரிக் கறுத்து வந்தது. கம்பியைக் கொளுவினேன். விளக்கு எரிந்தது. கத்தியால் துணியைக் குறுக்கே ஒரு கீறு கீறினேன். அணைந்தது. முதலாளி எழும்பி வந்து தானே கம்பியைக் கொளுவி, தானே கீறி, தானே கைதட்டினார். படகு ஓடு ஒன்று தருவதாக அந்த இடத்திலேயே வாப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார். வாப்பா பிடித்த கையை விடாமல் தலையை ஆட்டினார்.

நான் சந்தோசப்பட்டேன். கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. காய்ச்சி வடித்த நீரில் வென்றதை வெற்றி என்று எப்படிச் சொல்வது? சேரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் பக்கம் திரும்பியபோது, உம்மா தட்டோடு வந்தார்.

கோப்பையை எடுத்தேன். பிளேன்டி தங்கம் மாதிரி இருந்தது. மேலே படை இல்லை.

"உம்மா..."

"விருந்தாளிகளுக்குக் கிணத்துத் தண்ணில ஊத்துறதா? நல்ல தண்ணி இரிக்கக்குள்ள?" என்றார் உம்மா. "பயப்புடாத. நிரப்பித்தான் வெச்சன்."

அந்தப் படகு இப்போதும் கடலோரக் களப்பில் ஓடுகிறது. நான் அதே பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறேன். என் மேசைக்குக் கீழே ஒரு கேன் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது உம்மாவின் தேத்தண்ணிக்குக் காய்ச்சி வடித்த நீர், வரும்போது மாணவர்களின் சோதனைக்குக் கிணற்றுத் தண்ணீர். எங்கள் வீட்டில் யாராவது பரீட்சைக்குப் போனாலும், நேர்முகத்துக்குப் போனாலும், புது இஞ்சினை முதன்முதலாக இயக்கினாலும் வாசலில் நின்று, காரியம் வெல்லுமா என்று பார்ப்பது போல, வாப்பா கேட்பது ஒரே கேள்விதான். என் நிக்காஹ் அன்று, கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தபோது, எல்லோர் முன்னாலும் குனிந்து என்னிடமும் அதையே கேட்டார்:

"புள்ள, உம்மா தண்ணிய மாத்திட்டாவா?"

மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். உள்ளே பெண்கள் பக்கத்திலிருந்து உம்மாவின் குரல் பதில் சொன்னது:

"ஓம், மாத்தியாச்சி. நீ கையெழுத்த வையி மகள்."